ரத்தக்கசிவு ஸ்ட்ரோக், அஞ்சாம் நாள்: சிஆர்பி ஏறுனதை உடனே பாத்தோம், மூளை வீக்கம் ஏறுனதைப் பாக்க 16 மணி நேரம் ஆச்சு

மூளையில ரத்தக்கசிவு ஆகி வந்த ஒருத்தரோட கேஸ் இது. குடும்பத்துக்கிட்ட கேட்டு, அவங்க சரின்னு சொன்னதுக்கு அப்புறம்தான் எழுதுறேன், பேரு ஊரு எதுவும் வேண்டாம். நான் ஒரு சின்ன டவுன் ஆஸ்பத்திரியில ஐசியூ பாத்துக்கற ஃபிசிஷியன். எங்ககிட்ட சிடி ஸ்கேன் இருக்கு, வென்டிலேட்டர் இருக்கு, நியூரோசர்ஜன் கிடையாது, அவரு இருக்கற ஊருக்கு ஆம்புலன்ஸ்ல ஒன்றரை மணி நேரம் ஆகும். இதுல முடிவுகளை எடுத்தது நான்தான், அதுல முக்கியமான ஒண்ணு தப்பாப் போச்சு. எங்கள மாதிரி இடங்கள்ல வேலை பாக்கற டாக்டர்களுக்கும் நர்ஸ்களுக்கும் உபயோகமா இருக்கும்னு முழுசா எழுதி வெக்கிறேன். தலைப்புல இருக்கற சிஆர்பிங்கறது உடம்புல எங்கயாவது அழற்சி இருந்தா ஏறுற ஒரு ரத்த டெஸ்ட்.

பின்னணி

58 வயசு ஆண், மளிகைக்கடை வெச்சிருக்காரு. பிபி இருக்குன்னு தெரிஞ்சு ஆறு வருஷம் ஆச்சு, மாத்திரை போட்டு நார்மல் ஆனதும் இப்பதான் சரியாயிடுச்சேன்னு நாலு மாசம் முன்னாடி அவராவே நிறுத்திட்டாரு. சுகர் கிடையாது, ஆஸ்பிரின் மாதிரி ரத்தம் உறையாம இருக்கற மாத்திரை எதுவும் எடுக்கல, குடி இல்ல.

ஒரு நாள் காலைல ஆறரை மணிக்கு டீ குடிச்சிட்டு இருக்கும்போது வலது கையில இருந்து டம்ளர் நழுவிடுச்சு, என்னங்க ஆச்சுன்னு கேட்டா பேச்சு குழறுது, எழுந்திரிக்கப் பாத்து அப்படியே சாஞ்சுட்டாரு. தெருமுனை கிளினிக்ல பிபி 220ன்னு பாத்ததும் மாத்திரை எதுவும் குடுக்காம நேரா எங்ககிட்ட அனுப்பிட்டாங்க, அது நல்ல விஷயம், விழுங்க முடியாத ஆளுக்கு வாயில மாத்திரையோ காபியோ ஊத்தி விடாம இருந்தாலே பாதி ஆபத்து குறையும். எட்டு பத்துக்கு எங்ககிட்ட வந்துட்டாங்க.

முதல் நாள்

கண்ணைத் தொறந்து பாக்கறாரு, சொன்னா இடது கையைத் தூக்கறாரு, பேச்சு மட்டும் ஒண்ணு ரெண்டு சம்பந்தமில்லாத வார்த்தை. ஜிசிஎஸ், அதாவது நினைவு எவ்வளவு தெளிவா இருக்குன்னு 15-க்குப் போடற மார்க், 13. வலது கை கால் சுத்தமா அசையல. பிபி 214/116. சிடில இடது பக்கம் ஆழத்துல, பியூட்டாமென் பகுதியில ரத்தக்கட்டி. நீளம் 4.3, அகலம் 3.2, உயரம் 3.5 சென்டிமீட்டர், மூணையும் பெருக்கி ரெண்டால வகுத்தா சுமார் 24 மில்லி. மூளைக்குள்ள நீர் இருக்கற அறையான வென்ட்ரிக்கிளுக்குள்ள ரத்தம் போகல, மிட்லைன், அதாவது மூளையோட நடுக்கோடு, 3 மில்லிமீட்டர் தள்ளியிருந்துச்சு.

ரத்தக்கசிவு எவ்வளவு ஆபத்துன்னு பாக்க ஐசிஎச் ஸ்கோர்னு ஒண்ணு 2001-ல இருந்து எல்லாரும் போடறோம், கம்மியா இருந்தா நல்லது. வயசு 80-க்குக் கீழ, ஜிசிஎஸ் 13, அளவு 30 மில்லிக்குள்ள, வென்ட்ரிக்கிள்ல ரத்தம் இல்ல, சிறுமூளைப் பக்கம் இல்ல, அப்போ மொத்தம் ஜீரோ. இந்த ஜீரோ என் மனசுல ஒரு தைரியத்தைக் குடுத்துச்சு, அது பின்னாடி எங்கள எங்க கொண்டு போய் விட்டுச்சுன்னு வரேன்.

லேபட்டலால் ஊசி போட்டு, அப்புறம் பம்ப்ல ஓட விட்டு ஒரு மணி நேரத்துல மேல் பிபியை 150-க்குக் கொண்டு வந்தோம், குறி 140, 130-க்குக் கீழ போக விடக்கூடாது. ஆறு மணி நேரம் கழிச்சு மறுபடி சிடி, 26 மில்லி, பெருசாகலன்னு எடுத்துக்கலாம். வந்தப்போ எடுத்த ரத்தத்துல சிஆர்பி 6, வெள்ளை அணு 11,800, அதுல நியூட்ரோஃபில் 78 சதவீதம், லிம்ஃபோசைட் 16, ரெண்டையும் வகுத்தா வர்ற என்எல்ஆர் கிட்டத்தட்ட 5. சோடியம் 137. விழுங்கிப் பாக்கற டெஸ்ட்ல இருமல் வந்துச்சு, அதனால மூக்கு டியூப் போட்டோம்.

ரெண்டாம் நாள்: சிஆர்பி 38

அடுத்த நாள் சாயங்காலம் சிஆர்பி 38, நியூட்ரோஃபில் 84, லிம்ஃபோசைட் 9, அதாவது என்எல்ஆர் 9-க்கு மேல. லேசா உடம்பு சூடு, 37.8 டிகிரி. நெஞ்சு எக்ஸ்ரே கிளியர், சளி இல்ல, யூரின்ல ஒண்ணும் இல்ல. டியூட்டி டாக்டர் ஆன்டிபயாடிக் ஆரம்பிச்சிடலாமா சார்னு கேட்டாரு. வேண்டாம்னு சொன்னேன், அந்த முடிவு சரின்னு இப்பவும் நினைக்கிறேன்.

காரணம் இதுதான். ரத்தம் மூளைக்குள்ள கொட்டின உடனே அங்க இருக்கற மைக்ரோகிளியான்னு சொல்ற காவல் செல்கள் ஒரு சில மணி நேரத்துல முழிச்சுக்குது, ரத்தம் உறையறப்போ உண்டாகுற த்ராம்பின் அதைத் தூண்டி விடுது, ஒரு நாளுக்குள்ள ரத்தத்துல இருந்து நியூட்ரோஃபில்கள் உள்ள வந்து சேருது. இந்தக் கலவரத்துல வெளிவர்ற ஐஎல்-6-ங்கற அழற்சிப் புரதம் கல்லீரலுக்குப் போய் சிஆர்பியைத் தயாரிக்கச் சொல்லுது. தூண்டுதல் கிடைச்சு ஆறு மணி நேரத்துல சிஆர்பி ஏற ஆரம்பிச்சு, ரெண்டு நாள் வாக்குல உச்சிக்குப் போகும். அதே நேரம் உடம்பு முழுக்க ஸ்ட்ரெஸ் ஹார்மோன் ஓடறதால லிம்ஃபோசைட் குறையுது, நியூட்ரோஃபில் கூடுது. அதனால 36 மணி நேரத்துல சிஆர்பி 38-ங்கறது, கிருமி எதுவும் இல்லாம, ரத்தக்கசிவால மட்டுமே வரக்கூடிய நம்பர்தான். கிருமி இருந்தா ஏறுற புரோகால்சிடோனின் டெஸ்ட்டும் அனுப்பினோம், 0.1, அதுவும் கிருமி இல்லன்ற பக்கம்தான் சாஞ்சுது.

என்எல்ஆர் கூடுறவங்களுக்குக் கட்டியைச் சுத்தி வீக்கம் அதிகமா வருது, பின்னாடி நிலைமையும் மோசமா இருக்குன்னு நிறைய ஆய்வு சொல்லுது. அது கூட்டத்தை வெச்சுச் சொல்ற கணக்கு, ஒரு படுக்கையில இருக்கற ஒரு ஆளுக்கு இன்னிக்கு என்ன ஆகும்னு அது சொல்லாது. ஆனா இவருக்கு வீக்கம் வரலாம்னு ஒரு எச்சரிக்கையாவாவது நான் அதைக் கேஸ் ஷீட்ல எழுதியிருக்கணும், எழுதல.

அன்னிக்கு இன்னொரு பேச்சும் வந்துச்சு. சொந்தக்காரர் ஒருத்தர் கம்பவுண்டரா இருந்தவரு, டெக்சா ஊசி போட்டா மூளை வீக்கம் வடியுமே சார், ஏன் போடலன்னு கேட்டாரு. அவரு கேட்டதுல தப்பில்ல, மூளையில ட்யூமர் கட்டி வளர்ந்து வர்ற வீக்கத்துக்கு அந்த மருந்து நல்லாவே கேக்கும். ஆனா ரத்தக்கசிவுல 1987-லயே தாய்லாந்துல 93 பேர்கிட்ட டெக்சாமெத்தசோன்ங்கற இந்த ஸ்டீராய்டை வெச்சு முறையாப் பாத்தாங்க, உயிர் பிழைக்கறதுல பிரயோஜனம் இல்ல, இன்ஃபெக்‌ஷனும் சுகர் தொல்லையும்தான் கூடிச்சு, பாதியிலயே நிறுத்திட்டாங்க. இத்தனை வருஷம் ஆகியும் நிறைய இடத்துல இன்னும் போட்டுக்கிட்டுதான் இருக்காங்க, எனக்கு அது வருத்தம். அவருக்கு உட்கார்ந்து விளக்கினேன், ஒத்துக்கிட்டாரு.

மூணாம் நாளும் நாலாம் நாளும்

மூணாம் நாள் நல்லா முழிச்சாரு. ஜிசிஎஸ் 14. அவரோட மனைவி வெளிய வந்து, "என்னை அடையாளம் தெரிஞ்சு கையைப் புடிச்சாரு சார்"னு சொல்லும்போது அந்த முகத்தை மறக்க முடியல. சிஆர்பி 41, ரெண்டாம் நாள் இருந்த இடத்துலயே நின்னுச்சு. ஐசியூ செலவு ஓடிக்கிட்டே இருக்கு, வேற ஒரு சீரியஸ் கேஸுக்குக் கட்டில் தேவைப்பட்டுச்சு, அதனால ரூமுக்கு மாத்தினோம்.

இங்கதான் மூணு சின்ன விஷயம் ஒண்ணு மேல ஒண்ணா சேந்துச்சு, ஒண்ணையும் நாங்க கவனிக்கல. முதல்ல, பிபி மாத்திரை. ஊசியை நிறுத்தி டியூப் வழியா மாத்திரை ஆரம்பிக்கும்போது அவரு முன்னாடி சாப்பிட்ட அதே மாத்திரையை எழுதினோம், அது டெல்மிசார்டானோட தயசைடுன்னு சொல்ற நீர் மாத்திரையும் சேர்ந்த காம்பினேஷன். அடுத்தது கஞ்சி. ரூமுக்கு வந்ததும் டியூப் ஃபீட் வீட்டுல இருந்து வர ஆரம்பிச்சுது, ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை 200 மில்லி, கேழ்வரகுக் கஞ்சி, நீர்மோர், இளநீர். பிபி ஆளுக்கு உப்பு ஆகாதுன்னு எத்தனையோ வருஷமா டாக்டர்களே சொல்லிச் சொல்லி வெச்சது, அதனால எதுலயும் ஒரு கல் உப்பு கூடப் போடாம ரொம்பக் கவனமா செஞ்சு குடுத்திருக்காங்க. மூணாவது, ரெண்டாம் நாள் 134 இருந்த சோடியத்தை ரூமுக்குப் போனப்புறம் யாரும் மறுபடி அனுப்பல.

அஞ்சாம் நாள்

காலைல ரவுண்ட்ஸ்ல பத்து மணிக்குப் பாக்கறேன். 38.6 டிகிரி காய்ச்சல், பல்ஸ் 104, விடியக்காலை ஃபீட் குடுத்ததும் இருமினாருன்னு சொன்னாங்க, வலது கீழ் நுரையீரல்ல சத்தம் கேக்குது. எக்ஸ்ரேல அதே இடத்துல நிழல். சிஆர்பி 112, என்எல்ஆர் 12. தூக்கக் கலக்கமா இருக்காரு, கூப்பிட்டாதான் கண்ணைத் தொறக்கறாரு, முனகல் மட்டும், ஜிசிஎஸ் 11.

சிஆர்பி ரெண்டு நாளா ஒரே இடத்துல நின்னுட்டு அஞ்சாம் நாள் திடீர்னு தாவுனா, புதுசா ஒண்ணு வந்திருக்குன்னு அர்த்தம். அது சரியாத்தான் புரிஞ்சுது. உணவு நெஞ்சுக்குள்ள இறங்கி வந்த நிமோனியா, அது உண்மைதான், ஸ்ட்ரோக்குக்கு அப்புறம் எதிர்ப்புசக்தி குறையுற நேரத்துல வரக்கூடியதுதான். ஆன்டிபயாடிக் ஆரம்பிச்சோம், ஃபீடை நிறுத்தினோம், ஆக்சிஜன் வெச்சோம். தூக்கக் கலக்கத்தையும் அந்தக் கணக்குலயே எழுதிட்டேன், காய்ச்சலால மந்தமா இருக்காருன்னு.

சிடி எடுக்கல. ஏன் எடுக்கலன்னு எனக்கு நானே பலதடவை கேட்டுட்டேன். ஸ்கோர் ஜீரோ, ரெண்டு சிடிலயும் கட்டி அப்படியே இருக்கு, மூணாம் நாள் தேறி வந்துட்டாரு, மந்தத்துக்குக் காரணமும் கையில கிடைச்சிடுச்சு, குடும்பத்துக்கு இன்னொரு ஸ்கேன் செலவு எதுக்குன்னும் ஒரு நினைப்பு. ஜிசிஎஸ் 14-ல இருந்து 11-க்கு வந்திருக்கு, மூணு பாயின்ட். காய்ச்சல் இல்லாம இதே மூணு பாயின்ட் இறங்கியிருந்தா பத்து நிமிஷத்துல சிடி ரூம்ல இருந்திருப்பாரு. கட்டி அப்படியே இருக்கும், அதைச் சுத்தி இருக்கற வீக்கம் வளர்ந்துக்கிட்டே போகும், அதோட நாட்காட்டி வேறன்னு எனக்குத் தெரியாம இல்ல. முதல் நாள் கட்டி சுருங்கறப்போ கசியற நீர், அடுத்த ரெண்டு மூணு நாள் த்ராம்பினும் நியூட்ரோஃபிலும் பண்ற வேலை, அதுக்கப்புறம் சிவப்பணு உடைஞ்சு ஹீமோகுளோபினும் இரும்பும் வெளிய வந்து பண்ற நாசம், இப்படி ஒண்ணு மாத்தி ஒண்ணு வந்து வீக்கம் ரெண்டாவது வாரம் வரைக்கும் கூட ஏறலாம். தெரிஞ்சும் அன்னிக்கு அந்த நினைப்பு வரல.

அன்னிக்கு ராத்திரி

ஒன்பது மணிக்கு நைட் சிஸ்டர் போன் பண்ணி டியூட்டி டாக்டர்கிட்ட சொன்னது நோட்ல இருக்கு: "சார், காலைல இருந்த மாதிரி இல்ல, குறட்டைச் சத்தம் வேற மாதிரி இருக்கு." அவரு வந்து பாத்து, நிமோனியா, ஆன்டிபயாடிக் ஓடுது, கவனிக்கவும்னு எழுதிட்டுப் போயிருக்காரு. அவரைக் குறை சொல்ல மாட்டேன், காலைல நான் எழுதி வெச்ச காரணத்தைத்தான் அவரும் படிச்சாரு. ரெண்டு மணிக்கு அதே சிஸ்டர் டார்ச் அடிச்சுப் பாத்துட்டு இந்தத் தடவை நேரா எனக்கே போன் பண்ணாங்க. இடது கண்ணோட பாப்பா 5 மில்லிமீட்டர், வலது 3. பிபி 196/104, பல்ஸ் 58. காய்ச்சல் அடிக்கற ஆளுக்குப் பல்ஸ் 58-ன்னா மண்டைக்குள்ள அழுத்தம் ஏறுதுன்னுதான் முதல்ல நினைக்கணும். ஜிசிஎஸ் 8.

மூச்சுக்குழாய் டியூப் போட்டு, தலையை 30 டிகிரி தூக்கி, 2.40-க்கு சிடி. ரத்தக்கட்டி அதே அளவு, ஓரம் மங்க ஆரம்பிச்சிருக்கு. ஆனா அதைச் சுத்தி கறுப்பா அகலமா ஒரு வளையம், முதல் நாள் நூல் மாதிரி இருந்தது இப்ப கட்டியை விடப் பெருசா பரவியிருக்கு, மிட்லைன் 9 மில்லிமீட்டர் தள்ளியிருக்கு. கையோட எடுத்த சோடியம் 126.

சோடியத்தைப் பாத்ததும்தான் முழுப் படமும் தெரிஞ்சுது. ரத்தத்துல உப்பு குறைஞ்சா தண்ணி மூளை செல்லுக்குள்ள இறங்கும், ஏற்கெனவே வீங்கிக்கிட்டு இருக்கற மூளைக்கு அது எரியற தீயில எண்ணெய் ஊத்தற மாதிரி. தயசைடு உப்பை வெளிய தள்ளுது, உப்பில்லாத கஞ்சியும் இளநீரும் தண்ணியை உள்ள சேக்குது, மூளை அடிபட்டதாலயும் நிமோனியாவாலயும் சுரக்கற ஹார்மோன் அந்தத் தண்ணியை வெளிய விடாம புடிச்சு வெக்குது. எது எவ்வளவுன்னு பிரிச்சுச் சொல்ல முடியாது.

3 சதவீத சலைன் 150 மில்லி, இருபது நிமிஷத்துல. பொதுவா நாங்க மானிட்டால்தான் எடுப்போம், அது தண்ணியை வெளிய இழுக்கும், ஆனா சோடியம் இவ்வளவு கம்மியா இருக்கறவருக்கு உப்பையே குடுக்கறதுதான் சரின்னு பட்டுச்சு. நியூரோசர்ஜனுக்குப் போன் போட்டு சிடி படத்தை அனுப்பினேன். ஒரு மணி நேரத்துல பாப்பா திரும்பலன்னா ஏத்தி அனுப்புங்க, மண்டையோட்டைத் தொறந்து விடறதைப் பத்தி இங்க முடிவு பண்ணலாம்னாரு. ஆம்புலன்ஸை வாசல்ல நிறுத்தி வெச்சோம். ரெண்டாவது 150 மில்லி முடியும்போது மணி 3.50, இடது பாப்பா 3-க்கு வந்துடுச்சு, வெளிச்சத்துக்குச் சுருங்குச்சு. இந்த நிலைமையில ஒன்றரை மணி நேரம் ரோட்டுல கொண்டு போறதை விட இங்கயே வெச்சுப் பாக்கலாம்னு சர்ஜனும் சொன்னாரு.

அவரோட மனைவியும் பையனும் வெளிய நின்னாங்க. சோடியம் பத்திச் சொல்லும்போது அந்தம்மா கேட்டாங்க, "நான் குடுத்த கஞ்சியாலயா சார்?" இல்லம்மா, என்ன குடுக்கணும்னு எழுதிக் குடுக்க வேண்டியது நாங்க, அந்த மாத்திரையை எழுதினதும் நாங்க, சோடியத்தைப் பாக்காம விட்டதும் நாங்கன்னு சொன்னேன். காலைலயே சிடி எடுத்திருக்கணும்னும் சொன்னேன். பையன் ரொம்ப நேரம் பேசல, அப்புறம், "இப்ப என்ன செய்யணும் சார்"னு மட்டும் கேட்டாரு.

அடுத்த பத்து நாள்

நீர் மாத்திரையை நிறுத்தி அம்லோடிபின் மட்டும் வெச்சோம். சோடியத்தை வேகமாவும் ஏத்தக்கூடாது, மூளைத்தண்டுல வேற சேதம் வரும், அதனால நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை பாத்துப் பாத்து முதல் 24 மணி நேரத்துல 133, அடுத்த நாள் 139. காய்ச்சலை 37.5-க்குக் கீழ வெச்சோம், பாராசிட்டமால், ஈரத்துணி. இதெல்லாம் சின்ன வேலை மாதிரி தெரியும், ஆனா இந்தியா இலங்கை எல்லாம் சேர்த்து 7000 பேருக்கு மேல நடந்து 2023-ல வெளியான இன்டராக்ட் 3 ஆய்வுல, பிபி, சுகர், காய்ச்சல், ரத்தம் உறையறது இந்த நாலையும் ஒண்ணா சேத்துக் கவனிச்சவங்க நல்லா தேறினாங்கன்னு தெளிவா வந்துச்சு. வீக்கத்துக்குக் காரணமான அழற்சியை நேரா அடக்கற மருந்துன்னு வழக்கத்துல ஒண்ணும் இன்னும் வரல, இரும்பைப் பிடிச்சு எடுக்கற டெஃபெராக்சமினை வெச்சு நடந்து 2019-ல வந்த ஆய்வும் எதிர்பாத்த பலனைத் தரல.

இந்த நாட்கள்ல எழுதி வெச்ச நம்பரை ஒரு வரிசையாப் போட்டுப் பாத்தப்போ ஒண்ணு தெளிவாச்சு. ஆறாம் நாள் சிஆர்பி 140, எட்டாம் நாள் 72, பத்தாம் நாள் 31. அதே எட்டாம் நாள் சிடில வீக்கம் கொஞ்சமும் குறையல, மிட்லைன் 8 மில்லிமீட்டர். பதிமூணாம் நாள்தான் 5-க்கு வந்துச்சு. சிஆர்பி நிமோனியாவோட சேந்து இறங்கிடுச்சு, வீக்கம் அதோட நேரத்துலதான் இறங்குச்சு. அஞ்சாம் நாள் சிஆர்பியை வெச்சு மூளையைப் பத்தி ஒரு முடிவுக்கு வந்தது எவ்வளவு தப்புன்னு இதுல தெரியும், எட்டாம் நாள் சிஆர்பி இறங்கிடுச்சுன்னு சலைனை நிறுத்தியிருந்தாலும் அதே தப்புதான் ஆகியிருக்கும்.

பத்தாம் நாள் மூச்சுக்குழாய் டியூபை எடுத்தோம். பத்தொன்பதாம் நாள் வீட்டுக்குப் போனாரு.

மூணு மாசம் கழிச்சு

குச்சி வெச்சு தானா நடக்கறாரு. வலது கையால பிடிக்க முடியும், நுணுக்க வேலை வராது. குளிக்கறதுக்கும் சட்டை பட்டன் போடவும் ஆள் வேணும். பேச்சு, ரெண்டு மூணு வார்த்தை சேத்துச் சொல்றாரு, சொல்ல நினைச்சது வரலன்னா கோபம் வருது. சிடில வீக்கம் முழுசா போயி, கட்டி இருந்த இடத்துல ஒரு சின்ன பள்ளம் மட்டும். ஸ்பீச் தெரபிக்கு வாரத்துல ரெண்டு நாள் பஸ்ல வந்துட்டுப் போறாங்க.

இனிமே என்ன மாத்தறோம்

எங்க ஐசியூல இப்ப ரத்தக்கசிவு கேஸ் எல்லாத்துக்கும் ஜிசிஎஸ் ரெண்டு பாயின்ட் இறங்கினா, காய்ச்சல் இருந்தாலும் சரி, நெஞ்சுல சளி இருந்தாலும் சரி, யாரு கிட்டயும் கேக்காம சிடிக்கு அனுப்பலாம், நர்ஸே அந்தக் கூப்பாட்டைப் போடலாம். அன்னிக்கு ராத்திரி ஒன்பது மணிக்கே அந்த சிஸ்டருக்குத் தெரிஞ்சிருந்துச்சு, அவங்க சொன்னதுக்குக் கனம் இருந்திருந்தா அஞ்சு மணி நேரமாவது மிச்சம். ரூமுக்குப் போனாலும் பதினாலு நாளைக்கு தினமும் சோடியம், அந்த டெஸ்ட்டுக்கு ஆகற செலவு சிஆர்பிக்கு ஆகறதை விடக் கம்மி. முதல் ரெண்டு வாரம் தயசைடு கிடையாது, பழைய மாத்திரைச் சீட்டைக் காப்பி பண்ணும்போது ஒவ்வொரு காம்பினேஷன்லயும் உள்ள என்ன இருக்குன்னு பாத்து ஒருத்தர் கையெழுத்துப் போடணும்.

சிஆர்பியும் என்எல்ஆரும் எடுக்கறதை நிறுத்தல. தினமும் எடுக்கறதில்ல, வந்தப்போ ஒண்ணு, ரெண்டாம் நாள் ஒண்ணு, அப்புறம் தேவைன்னா. தாவினா நெஞ்சையும் யூரினையும் பாக்கறோம், அன்னிக்கே ஜிசிஎஸ்ஸையும் தனியா ஒரு வரியில எழுதறோம், ரெண்டுக்கும் ஒரே காரணம் எழுதக்கூடாதுன்னு சொல்லி வெச்சிருக்கேன்.

குடும்பத்துக்கு முதல் நாளே சொல்லிடறோம், மூணாம் நாள் முழிச்சாலும் ரெண்டு வாரம் வரைக்கும் வீக்கம் ஏற வாய்ப்பிருக்கு, சந்தேகம் வந்தா உடனே கூப்பிடுங்கன்னு. டியூப் ஃபீடுக்கு ஒரு தாள் அடிச்சு வெச்சிருக்கோம், கஞ்சிக்கு எவ்வளவு தண்ணி, எவ்வளவு உப்பு, இளநீர் எத்தனை மில்லிக்கு மேல கூடாதுன்னு. அந்தத் தாளை அடிக்கறதுக்கு முன்னாடி இந்தக் கேஸ்ல வந்த அம்மாகிட்டதான் காட்டினேன். படிச்சுப் பாத்துட்டு, எத்தனை கிராம்னு போட்டா வீட்டுல யாருக்கும் புரியாது சார், எந்த ஸ்பூன்னு எழுதுங்கன்னு சொன்னாங்க. டீஸ்பூன் கணக்குல மாத்தி அடிச்சோம்.